குறையை முதலில் சொல்கிற அக்கா

முதன்முதலாக எங்கள் வீட்டுக்குப் பால் கொண்டுவந்த அன்று, செம்பைக் கீழே வைக்கும் முன்பே அவர் சொன்னது இதுதான்: "நேத்து இந்த ஆடு வேப்பந்தழையைத் தின்னுபோட்டுதுங்க சாமி. பால் கசக்கும். கொழந்தை துப்புனா ஆட்டைத் திட்டாதீங்க, என்னையத் திட்டுங்க."

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். அங்கே பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றிய பாலைக்கூட, இப்போதுதான் கறந்தது, தொட்டுப் பாருங்கள் என்று சத்தியம் செய்து கொடுப்பார்கள். தான் கொண்டுவந்த பாலைத் தானே குறை சொல்லும் ஒருவரை அன்றுதான் பார்த்தேன். அவர் போன பிறகு பாலைக் காய்ச்சி ஒரு சங்கு புகட்டினேன். குழந்தை முகத்தைச் சுளித்தது. பிறகு குடித்தது. குடித்ததைக் கக்கவில்லை.

அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டும். ஜலகண்டாபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மறு வருடம் மூத்த மகள் பிறந்தாள். இரண்டாம் மாதத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டு தாய்ப்பால் வற்றிவிட்டது. பசும்பால் கொடுத்தால் அரை நாழிகையில் அப்படியே வெளியே வந்துவிடும். கையில் தூக்கினால் பஞ்சுப்பொதி போல இருந்தாள். தெருவின் கடைசி வீட்டு அக்காவின் வெள்ளாட்டுப் பால்தான் அவள் வயிற்றில் தங்கிய முதல் ஆகாரம்.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம். வாசற்படியில் தலையை இடித்துக்கொண்டே வாழ்ந்தவர் என்பதால் வெட்டவெளியில்கூடச் சற்றுக் குனிந்தே நடப்பார். கணவர் தறியில் உட்கார்ந்தால் எழமாட்டார், வாய் திறந்து பேசவும் மாட்டார். இருவருக்கும் சேர்த்து அக்காவே பேசினார். வீட்டுக்குப் பின்னால் மூங்கில் படல் கட்டி ஏழெட்டு வெள்ளாடுகள் வைத்திருந்தார். நூல் வராமல் தறிகள் சும்மா கிடக்கிற மாதங்களில் எங்கள் தெருப் பிள்ளைகள் பாதிப் பேரை வளர்த்தது அந்த மாதிரிப் பின்கட்டு ஆடுகள்தான்.

எதைக் கொடுத்தாலும் அதன் குறையை முதலில் பட்டென்று சொல்லிவிடுவது அக்காவின் வழக்கம். முறம் இரவல் கேட்டால், ஒரு ஓரம் பிய்ந்திருக்கிறது, கையில் குத்தும் என்பார். குழம்பு கொடுத்தால் உப்பு ஒரு கல் அதிகம் என்பார். அடுத்தவர் பொருளில் குறை கண்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். என் முதல் தீபாவளிக்கு நான் சுட்ட முறுக்கைக் கடித்தவர் பல்லைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நாளைக்குக் கெடாதுங்க" என்று மட்டும் சொன்னார்.

சந்தையில் இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? ஒருமுறை ஒரு பெட்டை ஆட்டை விற்கக் கொண்டுபோனார். தரகர் துண்டுக்குள் கையை விட்டு, வாங்க வந்தவரின் விரலைப் பிடித்து விலையைப் படியவைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அக்கா பக்கத்தில் போய், இந்த ஆடு கறக்கும்போது இடது காலால் உதைக்கும், காலைக் கட்டிவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார். வாங்க வந்தவர் விரலை உருவிக்கொண்டார். அடுத்தவர் வந்தபோது தரகர் அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டு, கிணற்றடிக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாக வாருங்கள் என்று கெஞ்சினாராம். அக்கா போகவில்லை. ஆட்டைத் திரும்ப ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

சிரிக்கிற கதைகள் மட்டுமல்ல. அவருடைய ஒரே மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம். மாப்பிள்ளையின் தாயார் பெண்ணைப் பார்த்துப் பூ வைக்கக் கையை நீட்டியபோது அக்கா நடுவில் வந்து நின்றுகொண்டார். மகளுக்கு இடது காது மந்தம், சின்ன வயதில் சீழ் வந்து போனது, அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், திமிர் என்று நினைத்துவிடாதீர்கள் என்றார். வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். மகள் தாயோடு பேச்சை நிறுத்தினாள். ஆறு மாதம் கழித்து அதே தாயார் தனியாகத் திரும்பி வந்து பூ வைத்தார். எத்தனையோ பெண் பார்த்தும் இப்படிச் சொன்ன சம்பந்தி கிடைக்கவில்லை என்றாராம். கல்யாணம் நடந்தது. ஆனாலும் அந்த ஆறு மாதத்தை மகள் மறக்கவில்லை. முழுகாமல் இருந்து பிரசவத்துக்கு வந்த போதுகூட என்னிடம், எங்கம்மா நல்லவங்கதான், ஆனா நல்லவங்களுக்கு மகளாப் பொறக்கிறது சிரமம் என்றாள்.

இனி எங்கள் தெருவில் சேர்ந்த ஆட்டுச் சங்கத்தின் கதைக்கு வருகிறேன்.

மேட்டூர் அணை கட்டி முடித்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். என் மகள் ஆட்டுப்பாலுக்கு மாறிய புதிது. ஊர் ஊராகச் சைக்கிளில் போகிற மாட்டு டாக்டர் ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். குட்டிகள் சவலையாகப் பிறக்கின்றன, பால் வருடா வருடம் குறைகிறது என்று பெண்கள் முறையிட்டார்கள். அவர் ஒவ்வொரு ஆட்டுப்பட்டியாகப் பார்த்துவிட்டுக் காரணம் சொன்னார். தெருவில் உள்ள ஆடுகள் எல்லாம் ஒரே கிடாயின் மக்களும் பேத்திகளும். ரத்தம் மாறாமல் இனம் பெருகினால் மடி சுருங்கத்தான் செய்யும். தனித்தனியாக நல்ல கிடாய் வாங்க உங்களால் ஆகாது; பத்து வீடு சேர்ந்து ஒன்று வளர்க்கலாம். அதன் பெட்டைக் குட்டிகள் பருவத்துக்கு வருவதற்குள் கிடாயை வேறு ஊர்ச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டு, அவர்கள் கிடாயை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவரே குமாரபாளையத்திலும் ராசிபுரத்திலும் இதையே சொல்லி இரண்டு சங்கங்களைச் சேர்த்துவிட்டார்.

எங்கள் சங்கத்தில் பதினோரு வீடுகள். தெருவில் நூல் கடை வைத்திருந்த பெரியவர் தலைவர். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் கடிதம் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. டாக்டர் ஏற்பாடு செய்த வடக்கத்திக் கிடாய் சேலம் ஜங்ஷனில் ரயிலிறங்கி வண்டியில் வந்து சேர்ந்தது. கன்றுக்குட்டி உயரம், கறுப்பு நிறம், ஒரு முழத்துக்குத் தொங்கும் காதுகள். எல்லாரும் அதிசயித்துப் பார்த்தார்கள். வீட்டில் கட்டிக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை. பொலிகிடாயின் நாற்றம் அப்படி. அக்காதான் கயிற்றைப் பிடித்தார். தீனிக்கு முறை வைத்தோம். நாளுக்கு ஒரு வீடாக அகத்தியும் கொடுக்காப்புளித் தழையும் அக்கா வீட்டுக்குப் போகும்.

ஏழெட்டு மாதத்தில் பலன் தெரிந்தது. மகளுக்காக நாங்களும் வாங்கிக் கட்டிய ஆடு போட்ட இரண்டு குட்டிகளும் பிறந்த அன்றே துள்ளின. மூன்று சங்கமும் கிடாய்களை மாற்றிக்கொள்கிற காலம் வந்தது. எங்களுடையது குமாரபாளையத்துக்கு, அவர்களுடையது ராசிபுரத்துக்கு, ராசிபுரத்தார் கிடாய் எங்களுக்கு. மூன்று ஊருக்கும் பொதுவாகச் சங்ககிரியில் சந்திப்பது என்று முடிவாயிற்று. பால் கறக்கிற பெண்களும் வர வேண்டும், குணம் குறை தெரிந்தவர்கள் அவர்கள்தான் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் நானும் குழந்தையோடு போனேன். அவளுக்கு அப்போது பத்து மாதம்.

விடியற்காலையில் வண்டி கட்டும்போது அக்கா தலைவரைத் தனியே அழைத்து ஏதோ சொன்னதைப் பார்த்தேன். தலைவர் கையை உதறிவிட்டு வந்து வண்டியில் ஏறினார். வழி முழுக்க அக்கா பேசவில்லை. எடப்பாடியைத் தாண்டியும் பேசவில்லை. அவர் அப்படி இருந்து நான் கண்டதே இல்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

சங்ககிரியில் கோட்டை மலைக்குக் கீழே மற்ற இரண்டு ஊராரும் முன்பே வந்து காத்திருந்தார்கள். அக்கா எங்கள் கிடாயை அவர்கள் பக்கம் கொண்டுபோகவில்லை. தூரத்தில் ஒரு வேலமரத்தில் கட்டி, கயிற்றின் மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு அங்கேயே நின்றார். தலைவர் கிடாயின் பெருமையை எடுத்துச் சொன்னார். குமாரபாளையம் சங்கத்தின் காரியதரிசி சாயப்பட்டறை வைத்திருந்த ஒல்லி மனிதர். விரல் நகமெல்லாம் நீலம் ஏறியிருக்கும். அவர் சிரித்தபடி கயிற்றுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நடந்து வந்தார்.

"அங்கயே நில்லுங்க," என்றார் அக்கா. "கவுத்தத் தர மாட்டேனுங்க. என்ற ஊட்டுக் குட்டி ஒண்ணுக்குத் தொடையிடுக்குல கொப்புளம் கண்டிருக்குது. காலையிலதான் பாத்தேன். ஆட்டம்மையோன்னு பயமா இருக்குது. இந்தக் கிடா அதோட ஒரே பட்டியில படுத்ததுங்க."

காரியதரிசியின் கை நீட்டியபடியே நின்றது. தலைவர், அது வெறும் வேனல் கட்டி, பெண்பிள்ளை அறியாமல் பேசுகிறாள் என்று குறுக்கே வந்தார். அக்கா அவரைப் பார்த்து, "நீங்களே சொல்லீருவீங்கன்னு இம்புட்டு நேரம் பாத்தேனுங்க" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

அம்மை என்ற சொல் காதில் விழுந்ததும் மற்றவர்கள் தங்கள் கிடாய்களை இழுத்துக்கொண்டு அவரவர் வண்டிக்குப் போய்விட்டார்கள். டாக்டர் வந்து விசாரித்து, மாற்றத்தை நிறுத்திவைத்தார். எங்களோடு உட்கார்ந்து சாப்பிடக்கூட யாரும் நிற்கவில்லை. திரும்பி வரும்போது எங்கள் வண்டியில் இருந்த பெண்கள் இறங்கி மற்ற வண்டியில் நெருக்கியடித்து ஏறிக்கொண்டார்கள். அக்காவோடு நானும் குழந்தையும் மட்டும் இருந்தோம். அவருக்கு ஆதரவாக நான் இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். குழந்தையோடு இறங்கி ஏற அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். எனக்கும் அவர் மேல் கோபம்தான்.

நாலைந்து நாள் வேறு எந்த வீட்டு ஆட்டுக்கும் ஒன்றும் இல்லை. மூன்று ஊர் முன்னால் தெருவின் மானத்தை வாங்கிவிட்டாள் என்று பேசினார்கள். ஆறாம் நாள் தலைவர் வீட்டு ஆட்டுக்கு உதட்டில் கொப்புளம் வந்தது. பிறகு வீடு வீடாகப் பரவியது. அப்போது பேச்சு மாறியது. அவள் கரிநாக்கு, சொன்னதால்தான் வந்தது என்றார்கள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து எடுத்துக்கொண்டு அக்கா ஒவ்வொரு பட்டியாகப் போனார். சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். எங்கள் மாமியாரும் சாத்தினார். நான் உள்ளேதான் இருந்தேன், திறக்கவில்லை. அக்கா அரைத்த விழுதை ஓர் இலையில் வைத்து வாசலில் விட்டுப் போயிருந்தார்.

குட்டிகள் தாங்கவில்லை. எங்கள் இரண்டு குட்டிகளும் ஒரே பகலில் போயின. பெரிய ஆடுகள் பிழைத்தாலும் பால் அற்றுப்போயிற்று. அக்கா வீட்டில் குட்டிகள் முழுக்கவும், கறவை ஆடு இரண்டும் போய்விட்டன. கிடாய் மட்டும் உடம்பெல்லாம் வடுவோடு எழுந்து நின்றது. என் மகளுக்குக் கஞ்சித்தண்ணீர் கொடுத்தேன். மீண்டும் பசும்பால் கொடுத்துப் பார்த்தேன், கக்கினாள். பத்து நாளில் அவள் கை மெலிந்து, இடுப்பில் கட்டிய கயிறு இறங்கிப்போனது.

அந்த நாட்களில் அக்கா வந்து வாசலுக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டார். இரண்டு கார்டு எழுத வேண்டும் என்றார். குமாரபாளையத்துக்கும் ராசிபுரத்துக்கும். என்று அம்மை கண்டது, எத்தனை வீட்டில் பரவியது, எந்தெந்தத் தெரு ஆட்களை இப்போது உள்ளே விடக்கூடாது, எல்லாம் விவரமாகச் சொன்னார். "நம்ம கஷ்டத்தை எழுதாத சாமி. அவுங்க பட்டியைக் காப்பாத்திக்கறதுக்கு என்ன தெரியோணுமோ அத மட்டும் எழுது."

அப்படியே எழுதினேன். அவர் போன பிறகு குமாரபாளையத்துக் கார்டின் ஓரத்தில், இடமில்லாத இடத்தில், நானாக ஒரு வரி சேர்த்தேன். ஆட்டுப்பால் தவிர வேறு எதுவும் ஒத்துக்கொள்ளாத குழந்தை என் வீட்டில் ஒன்று இருக்கிறது. இவ்வளவுதான். அக்காவிடம் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் பகலில் தெருமுனையில் யாரோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. சாயப்பட்டறைக் காரியதரிசி, தெருவுக்குள் கால் வைக்காமல் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். ஊரெல்லைக்கு அக்கட்டால் புளியந்தோப்பில் ஐந்து கறவை ஆடுகளைக் கொண்டுவந்து கட்டியிருப்பதாகச் சொன்னார். குமாரபாளையத்தில் ஐந்து வீட்டார் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்களாம். பார்த்துக்கொள்ள ஓர் அம்மாளும் வந்திருக்கிறார். எங்கள் தெருவார் யாரும் தோப்புக்குள் வரக்கூடாது. பாதி வழியில் உள்ள மைல்கல்லின் மேல் காலையிலும் மாலையிலும் பால் குடம் இருக்கும். வெந்நீரில் கழுவிய பாத்திரத்தைத்தான் அங்கே வைக்க வேண்டும். டாக்டர் சொன்ன ஏற்பாடு இது என்றார். எங்கள் ஆடுகளுக்குப் பொருக்கு உதிர்ந்து, பட்டியை எரித்துப் புதிதாகக் கட்டிய பிறகுதான் ஆடுகள் தெருவுக்குள் வரும். ராசிபுரத்தாரும் அப்போது பெட்டைக் குட்டிகள் தருவார்கள்.

அக்கா தன் வீட்டு வாசலிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கிட்டே வரவில்லை.

காரியதரிசி அவரைப் பார்த்துக் குரலெடுத்துச் சொன்னார்: "நீங்க அன்னைக்குச் சொல்லாம இருந்திருந்தா எங்கூர்ல ஒரு குட்டி மிஞ்சியிருக்காதுங்க அக்கா. கார்டுல கொழந்தைக்குப் பாலில்லைன்னு எழுதியிருந்தீங்களே, அதைப் படிச்சுப்போட்டு எங்க ஊட்டுப் பொம்பளைங்க சோறு திங்கல."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அது எனக்குத் தோணாமப் போச்சு சாமி. நல்ல வேளை எழுதுன," என்றார்.

அன்று மாலை மைல்கல்லிலிருந்து நானே பாலை எடுத்துவந்தேன். மகள் முதல் சங்கைக் குடித்துவிட்டு அடுத்ததற்கு வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். மாமியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். பிறகு எழுந்து, அக்கா வீட்டுக்கு நடந்து போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது முந்தானையில் உப்பு அதிகமான கடலை கொஞ்சம் முடிந்திருந்தார்.

தலைவர் வீட்டுப் பேரனுக்கும் அந்தப் பால்தான். கிடாய்க்குத் தீனி கொண்டுபோகிற அவர் வீட்டு முறை வந்தபோது, வேலைக்காரனை அனுப்பாமல், வெள்ளை வேட்டியோடு அகத்திக்கட்டைத் தாமே தலையில் வைத்து நடுத்தெருவில் நடந்து போனார். தறிச் சத்தம் எல்லா வீட்டிலும் ஒரு நிமிடம் நின்றது.

மறு வருடம் மாசியில் மீண்டும் சங்ககிரியில் கூடினோம். இந்த முறை ஒரு புது நடைமுறை வந்திருந்தது. யார் சொல்லி வந்ததோ, குமாரபாளையத்தார்தான் ஆரம்பித்தார்கள். கயிற்றைக் கொடுக்கும் முன் தங்கள் கிடாயின் குறைகளை அவரவரே எல்லார் முன்னிலும் சொல்ல வேண்டும். தங்கள் கிடாய்க்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கிறது, நீலச் சேலை கண்டால் முட்டும் என்றார் காரியதரிசி. கூட்டம் சிரித்தது. ராசிபுரத்தார், எங்களுடையது சோம்பேறி, பத்து மணிக்கு மேல்தான் எழுந்திருக்கும் என்றார்கள்.

எங்கள் முறை வந்தது. கயிறு அக்கா கையில் இருந்தது. எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் தலைவரைப் பார்த்தார்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். கிடாய்க்கு அம்மை வந்து பிழைத்தது, வடு போகாது என்றார். "இதுக்குப் பொறந்த பெட்டையில ரெண்டுக்கு மூணு காம்பு இருந்துதுங்க. கறக்கச் சிரமம். பாத்துக் கழிச்சுக்கோங்க."

குமாரபாளையத்துக் காரியதரிசி அக்கா பக்கம் திரும்பினார். "அவ்வளவுதானுங்களா, அக்கா?"

"அவ்வளவுதானுங்க," என்று சொல்லி அக்கா மணிக்கட்டிலிருந்து கயிற்றைக் கழற்றினார்.

மறுநாள் வெயில் ஏறுகிற நேரத்தில் ஊருக்குத் திரும்பினோம். பின் வண்டியில் ராசிபுரத்துக் கிடாய் கால் மடக்கிப் படுத்துக்கொண்டு வந்தது. இந்த முறை பெண்கள் எல்லாரும் அக்கா இருந்த வண்டியில்தான் ஏறினார்கள். மாடு இழுக்கத் திணறியது. எடப்பாடி தாண்டியதும் அக்கா பேச்சை நிறுத்தியதைக் கவனித்துத் திரும்பினேன். என் தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மடியில் என் மகளும் தூங்கினாள். குலுக்காமல் ஓட்டச் சொல்லி வண்டிக்காரரிடம் சைகை காட்டினேன்.